பஸ்கா தேதி தவறாக வருகிறதா? எத்தனை நாள் பிசகு என்று முதலில் எண்ணுங்கள்

பிப்ரவரி பிறந்தால் போதும், யூதர்களின் பஸ்கா பண்டிகை பற்றி எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடும்: "பஸ்கா இந்த வருஷம் என்றைக்கு? என் காலண்டரில் ஒரு தேதி இருக்கிறது, அவர்கள் அனுப்பிய பட்டியலில் வேறு தேதி இருக்கிறது." டெல் அவிவிலும் நியூயார்க்கிலும் இருப்பவர்களோடு சென்னையிலிருந்து வேலை பார்க்கும் குழு எங்களுடையது. அதன் விடுமுறைப் பட்டியல் பல வருடங்களாக என் பொறுப்பில் இருக்கிறது. இதே பிசகை வெவ்வேறு உருவத்தில் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் ஒன்று தெளிவானது. தேதி எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்று எண்ணிவிட்டால் காரணம் பாதி பிடிபட்டுவிடும். ஒரு நாள் பிசகுக்கு ஒரு காரணம், பத்து இருபது நாளுக்கு இன்னொன்று, ஒரு மாதத்துக்கு வேறொன்று.

ஒரு வருடம், பஸ்காவின் முதல் இரவில் ஒரு வெளியீட்டை வைத்துவிட்டோம். குடும்பம் முழுக்க ஒரே மேசையில் கூடும் செடர் விருந்து அன்றைக்கு. இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த சக ஊழியர் விருந்தை விட்டு எழுந்து, அடுத்த அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பட்டியலைப் போட்டவன் நான். வருடத்துக்கு ஒருமுறை வரும் இரவு அது. இந்தத் தேதியை ஏனோதானோ என்று விடக்கூடாது என்று அன்றைக்கு முடிவுசெய்தேன்.

## சரியான தேதிகள்

கீழே இருப்பவை பஸ்காவின் முதல் பகல், அதாவது யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 15. விழா அதற்கு முந்தைய நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும்.

2024: ஏப்ரல் 23, செவ்வாய்
2025: ஏப்ரல் 13, ஞாயிறு
2026: ஏப்ரல் 2, வியாழன்
2027: ஏப்ரல் 22, வியாழன்
2028: ஏப்ரல் 11, செவ்வாய்
2029: மார்ச் 31, சனி
2030: ஏப்ரல் 18, வியாழன்

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

ஐந்து நிமிட வேலைதான். ஒரு பேப்பரும் சுவர்க் காலண்டரும் போதும்.

கிழமையைப் பாருங்கள். முதல் பகல் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்றில் வரவே வராது. ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான். "முதல் நாள்" என்று போட்டு புதன்கிழமை காட்டினால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், அது தவறு.

எல்லையைப் பாருங்கள். நம் காலத்தில் முதல் பகல் மார்ச் 26-க்கு முன்பும் ஏப்ரல் 25-க்குப் பின்பும் விழுவதில்லை. 2013-இல் மார்ச் 26 அன்று வந்தது. 2043-இல் ஏப்ரல் 25 அன்று வரும். இதைத் தாண்டிய தேதி வந்தால் மாதக் கணக்கில்தான் கோளாறு.

பின்னோக்கி 30, முன்னோக்கி 163. பூரிம் பண்டிகையிலிருந்து சரியாக 30-ஆம் நாள் பஸ்கா. பஸ்காவிலிருந்து 163-ஆம் நாள் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா. 2026-இல் பூரிம் மார்ச் 3, பஸ்கா ஏப்ரல் 2, புத்தாண்டு செப்டம்பர் 12. எண்ணிப் பாருங்கள், பொருந்தும். இடையில் 50-ஆம் நாள் ஷவுவோத் பண்டிகை: மே 22. யூத ஆண்டில் நீளம் கூடிக் குறைகிற மாதங்கள் ஹெஷ்வானும் கிஸ்லேவும்தான். இரண்டும் குளிர்காலப் பக்கம் இருப்பதால், பூரிமிலிருந்து அடுத்த புத்தாண்டு வரை இந்த இடைவெளிகள் எந்த வருடமும் மாறாது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு சோதனை. பஸ்காவின் ஏழு நாட்களை வரிசையாக எழுதிக்கொண்டால், அந்த வருடத்தின் மற்ற நாட்களுக்கும் கிழமை கிடைக்கும். முதல் நாளின் கிழமையில் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் துக்க நோன்பு (சனியில் விழுந்தால் நோன்பு மறுநாள்), இரண்டாம் நாளின் கிழமையில் ஷவுவோத், மூன்றாம் நாளின் கிழமையில் புத்தாண்டு, ஐந்தாம் நாளின் கிழமையில் யோம் கிப்பூர் எனும் பாவநிவாரண நாள். 2026-இல் முதல் நாள் வியாழன், அந்த நோன்பும் ஜூலை 23 வியாழன். எபிரேய எழுத்துகளில் முதல் எழுத்தைக் கடைசியோடும் இரண்டாவதைக் கடைசிக்கு முந்தியதோடும் இணைத்து இந்தச் சூத்திரத்தை அமைத்திருக்கிறார்கள். மனப்பாடம் செய்வதற்கென்றே பெரியவர்கள் கட்டியது. கணினி இல்லாத காலத்துப் பிழை நீக்கும் கருவி என்று எனக்குத் தோன்றும்.

ஒரு எச்சரிக்கை: பூரிம் தேதியையும் பஸ்கா தேதியையும் ஒரே ஆப்பிலிருந்து எடுத்து ஒப்பிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே தவறியிருக்கலாம். ஒன்றையாவது வெளியிலிருந்து எடுங்கள். அச்சிட்ட யூதக் காலண்டர் நல்லது, யூத நாட்காட்டிக்கான ஹெப்கால் இணையதளமும் நல்லது.

## அறிகுறி: ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறது

எனக்கு வரும் புகாரில் பெரும்பங்கு இதுதான். நான்கு காரணங்கள் உண்டு. எளியதிலிருந்து போவோம்.

### தொடக்கம் மட்டும் முன்னால் இருக்கிறது, கடைசி நாள் சரியாக இருக்கிறது

இது பிழையே இல்லை. யூத நாள் மாலையில் தொடங்கி மறுநாள் மாலையில் முடிகிறது. 2026-இல் ஏப்ரல் 1 புதன் சூரியன் மறையும்போது நிசான் 15 பிறந்துவிடுகிறது. ஒரு காலண்டர் "பஸ்கா தொடங்குகிறது: ஏப்ரல் 1" என்கிறது, இன்னொன்று "பஸ்கா முதல் நாள்: ஏப்ரல் 2" என்கிறது. இரண்டும் சரி. நாளை விடியலிலிருந்து எண்ணிப் பழகிய நமக்குத்தான் இது இடிக்கும்.

செய்ய வேண்டியது பெயர் மாற்றம் மட்டும். முதல் நாளுக்கு முந்தையதை "பஸ்கா முன்மாலை" என்று தனி வரியாகப் போடுங்கள். அந்த நாள் மதியத்துக்கு மேல் எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள். சமையலும் வீட்டைச் சுத்தம் செய்வதும் பயணமுமாக அன்றைக்கு அவர்கள் வீடு நம் பொங்கலுக்கு முந்தைய நாள் போலத்தான் இருக்கும்.

### பைபிள் பார்த்து 14 என்று போட்டிருக்கிறார்கள்

லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் முதலாம் மாதம் பதினாலாம் தேதி அந்திநேரத்தில் பஸ்கா, பதினைந்தாம் தேதி புளிப்பில்லாத அப்பப் பண்டிகை என்று இருக்கிறது. அதைப் படித்தவர் நிசான் 14-ஐ முதல் நாளாகப் பதிந்துவிடுவார். அவர் படித்தது சரி, ஆட்டுக்குட்டியை அடிக்கும் அந்தி 14-ஆம் நாளின் முடிவில்தான். இன்றைக்கு விடுமுறையாக அனுசரிக்கும் ஏழு நாள் 15-இல் தொடங்குகிறது. பட்டியலில் 14 என்று இருந்தால் 15 ஆக்குங்கள். முடிந்தது.

### தொடக்கமும் முடிவும் சேர்ந்தே ஒரு நாள் முன்னால் இருக்கின்றன

இப்போது விஷயம் கொஞ்சம் கனமாகிறது. நேர மண்டலக் கோளாறு. எவரோ முழுநாள் நிகழ்வை வெறும் தேதியாக வைக்காமல் "ஏப்ரல் 2, நள்ளிரவு 12 மணி, எருசலேம்" என்று நேரத்தோடு சேமித்திருக்கிறார்கள். அந்த நொடியில் சென்னையில் ஏப்ரல் 2 அதிகாலை 2.30. நியூயார்க்கிலோ ஏப்ரல் 1 மாலை 5 மணி. ஆகவே நமக்குச் சரியாகவும் அவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகவும் தெரியும். "என் திரையில் சரியாகத்தானே இருக்கிறது" என்று நாம் சொல்லிக்கொண்டே இருப்போம், அவர்கள் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

இந்தக் கோளாறு பல வருடம் பிடிபடாமலே போவதற்குக் காரணம் மேலே சொன்ன மாலைக் கணக்குதான். ஏப்ரல் 1 என்று பார்த்ததும் "ஓ, முன்மாலையைப் போட்டிருக்கிறார்கள்" என்று எல்லோரும் கடந்துபோய்விடுவார்கள். அதனால்தான் கடைசி நாளைப் பார்க்கச் சொல்கிறேன். இஸ்ரேல் கணக்கில் கடைசி நாள் ஏப்ரல் 8. அது 7 என்று காட்டினால் முன்மாலை விளக்கம் செல்லாது.

சோதிக்கும் வழி: கைபேசியின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றிவிட்டு அதே நிகழ்வைத் திறங்கள். தேதி நகர்ந்தால் நேரத்தோடு சேமித்திருக்கிறார்கள் என்று உறுதி. நிகழ்வை அழித்துவிட்டு "முழுநாள்" என்று தேர்ந்தெடுத்துப் புதிதாகப் போட்டால் சிறிய பட்டியலுக்குப் போதும். ஆயிரக்கணக்கான நிகழ்வுகள் உள்ள தரவுத்தளம் என்றால் கைவைக்க வேண்டாம், டெவலப்பரிடம் கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளிப்போடும் குறுக்கு வழி ஒன்று எல்லோருக்கும் தோன்றும். ஏற்கெனவே சரியாக இருந்த விடுமுறைகளையும் அது கெடுத்துவிடும். நாங்கள் அப்படி ஒருமுறை செய்து, சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது.

### முதல் நாளே திங்கள், புதன், வெள்ளியில் விழுகிறது

முன்மாலையும் இல்லை, நேர மண்டலமும் இல்லை என்று உறுதியானபின், "முதல் நாள்" விலக்கப்பட்ட கிழமையில் நின்றால், கணக்கு எழுதிய கோடிலேயே (கணினி நிரலிலேயே) குறை. அமாவாசைக் கணக்கில் வரும் நாளை அப்படியே புத்தாண்டாக வைப்பதில்லை. ஞாயிறு, புதன், வெள்ளியில் புத்தாண்டு விழுந்தால் அதை ஒரு நாள் தள்ளுவார்கள், வேறு சில நிலைகளில் இரண்டு நாள் கூடத் தள்ளும். யோம் கிப்பூர் ஓய்வுநாளான சனிக்கு முன்னோ பின்னோ ஒட்டி வந்து, சமைக்க முடியாத இரண்டு நாள் அடுத்தடுத்து அமையக்கூடாது என்பது ஒரு காரணம். புத்தாண்டு தள்ளினால் அதற்கு 163 நாள் முன்னால் இருக்கும் பஸ்காவும் கூடவே தள்ளும்.

இந்த விதியை விட்டுவிட்டு எழுதிய கோடு சில வருடம் சரியாகவும் சில வருடம் ஓரிரு நாள் முன்னதாகவும் காட்டும். பின்னால் மட்டும் ஒருபோதும் காட்டாது. இதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயற்சிக்காதீர்கள். சொந்தமாக எழுதிய கணக்கைத் தூக்கிவிட்டு, நன்றாகச் சோதிக்கப்பட்ட லைப்ரரி (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். செலவுதான், ஆனால் ஒரே செலவு.

## அறிகுறி: கடைசி நாள் இல்லை, அல்லது ஒரு நாள் கூடுதலாக இருக்கிறது

முதலில் ஒரே ஒரு கேள்வி: யாருக்கான பட்டியல்? இஸ்ரேலில் பஸ்கா 7 நாள். இஸ்ரேலுக்கு வெளியே ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் யூதர்களுக்கு 8 நாள். ரிஃபார்ம் பிரிவினர் பலர் எங்கிருந்தாலும் 7 நாளே வைக்கிறார்கள். ஆகவே 2026-இல் டெல் அவிவ்காரருக்கு ஏப்ரல் 8 மாலை முடியும், நியூயார்க்கில் இருப்பவருக்கு ஏப்ரல் 9 மாலை முடியலாம். ஒரே பட்டியலில் இருவரையும் அடைத்தால் ஒருவருக்குத் தவறாகத்தான் போகும். இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். காலண்டர் ஆப்பில் "இஸ்ரேல்", "இஸ்ரேலுக்கு வெளியே" என்ற தேர்வு பெரும்பாலும் அமைப்புகளுக்குள் இருக்கும்.

எல்லா நாளும் முழு விடுமுறை இல்லை என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். இஸ்ரேலில் முதல் நாளும் ஏழாம் நாளும் வேலை செய்யக்கூடாத நாட்கள். வெளியே முதல் இரண்டும் கடைசி இரண்டும், அதாவது 2026-இல் ஏப்ரல் 2, 3, 8, 9. நடுவில் வருபவை பாதிப் பண்டிகை நாட்கள். சிலர் வேலைக்கு வருவார்கள், பலர் விடுப்பில் இருப்பார்கள். நாமாக ஊகிக்காமல் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுவது மரியாதை.

நாள் எண்ணிக்கை சரியாக இருந்தும் கடைசி நாள் காணாமல் போகிறதா? அப்படியானால் கோப்பைப் பாருங்கள். காலண்டர் ஆப்கள் நிகழ்வுகளைப் பரிமாறப் பயன்படுத்தும் ஐசிஎஸ் கோப்பில் முழுநாள் நிகழ்வின் முடிவுத் தேதி நிகழ்வுக்குள் சேராது. ஏப்ரல் 8 வரை விடுமுறை வேண்டுமென்றால் முடிவு என்று ஏப்ரல் 9-ஐ எழுத வேண்டும். எக்செல் பட்டியலில் 8 என்று வைத்திருந்ததை அப்படியே ஐசிஎஸ் ஆக்கினால் ஒரு நாள் விழுந்துவிடும். இது எங்கள் குழுவில் மட்டும் மூன்று வருடம் நடந்தது.

## அறிகுறி: பத்து, பதினொன்று அல்லது இருபது நாள் பிசகு

சென்ற வருடத் தேதியை "ஒவ்வொரு வருடமும்" என்று போட்டுவிட்டார்கள். வேறு காரணம் தேட வேண்டாம். 2025-இன் ஏப்ரல் 13 அப்படியே 2026-க்கு வந்தால் 11 நாள் பிசகு. 2026-இன் ஏப்ரல் 2 அப்படியே 2027-க்குப் போனால் 20 நாள் பிசகு. மீள்நிகழ்வை அழித்துவிட்டு, அடுத்த ஐந்து வருடத் தேதிகளைத் தனித்தனியாகப் போடுங்கள். ஆங்கிலத் தேதி அல்லாத நாட்காட்டியில் மீள்நிகழ்வு வைக்க 2015-இலேயே ஒரு தரநிலை வந்தது. ஆனால் இரு பக்கத்து ஆப்பும் அதைப் புரிந்துகொள்ளும் என்று நம்பி நான் எதையும் விடுவதில்லை.

2026-க்கு ஏப்ரல் 22 என்று காட்டினால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். அது 2027-இன் சரியான தேதி. யூத ஆண்டு எண்ணைப் பெற வசந்த காலத்தில் 3760 கூட்ட வேண்டும், இலையுதிர்காலப் புத்தாண்டுக்குப் பிறகு 3761. எவரோ பஸ்காவுக்கும் 3761 கூட்டிவிட்டார்கள். 2026-உடன் 3760 சேர்த்தால் 5786, அதுதான் வேண்டும்.

"யூத நாட்காட்டி 19 வருடத்துக்கு ஒருமுறை சுழலும், பழைய அட்டவணையே போதும்" என்று சொல்பவர்களும் உண்டு. ஏறக்குறையச் சுழலும், அவ்வளவுதான். 2007-இல் ஏப்ரல் 3 செவ்வாய், 2026-இல் ஏப்ரல் 2 வியாழன்.

## அறிகுறி: ஒரு மாதம் பிசகு

இதுதான் உண்மையிலேயே ஆபத்தானது. ஒரு நாள் பிசகினால் யாராவது கவனித்துக் கேட்பார்கள். ஒரு மாதம் பிசகினால், விமானச் சீட்டு எடுத்தபிறகுதான் தெரியவரும்.

காரணம் அதிக மாதம். 19 வருடத்தில் ஏழு வருடங்களுக்கு 13 மாதம். அந்த வருடங்களில் ஆதார் மாதம் இரண்டு வரும். பூரிம் இரண்டாம் ஆதாரில், பஸ்கா அதற்கு அடுத்த நிசானில். யூத ஆண்டை 19-ஆல் வகுத்து மீதி 3, 6, 8, 11, 14, 17, 0 என்று வந்தால் அது அதிக மாத வருடம். 5784-க்கு மீதி 8, ஆகவே 2024-இல் இருந்தது. 5786-க்கு மீதி 10, ஆகவே 2026-இல் இல்லை. 5787-க்கு மீதி 11, ஆகவே 2027-இல் உண்டு.

### பூரிமும் சேர்ந்தே ஒரு மாதம் முன்னால் இருக்கிறது

கோடுக்கு அதிக மாதமே தெரியவில்லை, அல்லது பூரிமை முதல் ஆதாரில் வைத்துவிட்டது. 2024-இல் பூரிம் மார்ச் 24, 2027-இல் மார்ச் 23. உங்கள் காலண்டர் அந்த வருடங்களில் பிப்ரவரியைக் காட்டினால் அது முதல் ஆதாரின் "சின்ன பூரிம்".

### பூரிம் சரி, பஸ்கா மட்டும் 29 நாள் முன்னால் இருக்கிறது

மாத எண் கோளாறு. இதைப் பிடிக்க எனக்கு ஒரு முழு வசந்த காலம் ஆனது. பைபிளில் நிசான் முதலாம் மாதம். ஆனால் வருட எண் மாறுவது திஷ்ரி மாதத்தில் என்பதால் பல லைப்ரரிகள் திஷ்ரியிலிருந்து எண்ணுகின்றன. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் லைப்ரரியில் திஷ்ரி 1, நிசான் சாதாரண வருடத்தில் 7, அதிக மாத வருடத்தில் 8. ஐசியூ லைப்ரரியில் திஷ்ரி 0, நிசான் எல்லா வருடமும் 7. ஒன்றில் எழுதியதை இன்னொன்றுக்கு மாற்றும்போது "7, 15" என்று நிலையாக வைத்துவிட்டால் 2025, 2026-இல் எல்லாம் ஒழுங்காக ஓடும். அதிக மாதம் உள்ள 2027-இல் மார்ச் 24 என்று காட்டி நிற்கும். அது இரண்டாம் ஆதாரின் 15.

அது புதன்கிழமை என்பதால் கிழமைச் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும். எப்போதும் மாட்டும் என்று சொல்ல முடியாது. 2005-இல் பஸ்கா ஏப்ரல் 24 ஞாயிறு. அதற்கு 29 நாள் முன்னால் மார்ச் 26 சனி. கிழமையும் தப்பில்லை, எல்லைக்குள்ளும் இருக்கிறது. பூரிமிலிருந்து 30 நாளோ புத்தாண்டு வரை 163 நாளோ எண்ணிப் பார்த்தால்தான் குட்டு உடைபடும். ஆகவே எந்தச் சோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

### பஸ்கா அக்டோபரில் வருகிறது

பைபிள் எண்ணையும் லைப்ரரி எண்ணையும் கலந்துவிட்டார்கள். "முதலாம் மாதம், 15" என்று கொடுத்தால் திஷ்ரி 15 கிடைக்கும். அது கூடாரப் பண்டிகை. 5786-க்கு 2025 அக்டோபர் 7.

மாத எண் கோளாறு எதுவானாலும் டெவலப்பர்தான் சரிசெய்ய வேண்டும். டிக்கெட் (பிழைப் புகார்) போடும்போது "தேதி தவறு" என்று மட்டும் எழுதாதீர்கள். 2025, 2026, 2027, 2029 ஆகிய நான்கு வருடத்தின் சரியான தேதியையும் உங்களுக்கு வருகிற தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இந்த நான்கில் அதிக மாத வருடமும் இருக்கிறது, ஞாயிறும் சனியும் வியாழனும் இருக்கின்றன, மார்ச் மாதமும் இருக்கிறது. நான்கும் சரியாக வந்தால்தான் டிக்கெட்டை மூட ஒத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஈஸ்டர் முடிந்துவிட்டது, பஸ்கா இன்னும் வரவில்லை

கோளாறு இல்லை. ஆண்டவரின் கடைசி இராவுணவு பஸ்கா காலத்தில் நடந்தது என்று தெரிந்த நம் கிறிஸ்தவ நண்பர்கள், இரண்டும் ஒரே வாரத்தில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் பக்கத்தில் வரும். ஆனால் 19 வருடத்தில் மூன்று வருடம் மேற்கத்திய ஈஸ்டர் ஏறக்குறைய ஒரு மாதம் முந்திவிடும். யூதர்கள் அந்த வருடம் அதிக மாதம் சேர்க்கிறார்கள், திருச்சபை தன் சொந்த அட்டவணைப்படி முந்தைய பௌர்ணமியை எடுத்துக்கொள்கிறது. 2024-இல் ஈஸ்டர் மார்ச் 31, பஸ்கா ஏப்ரல் 23. 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28, பஸ்கா ஏப்ரல் 22. அடுத்து 2035. ஈஸ்டரை வைத்துப் பஸ்காவைச் சரிபார்க்காதீர்கள்.

## அறிகுறி: தேதி சரி, கூட்டத்தின் நேரம் இடிக்கிறது

அழைப்பில் "ஐஎஸ்டி" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்த மூன்று எழுத்து நமக்கு இந்திய நேரம், அவர்களுக்கு இஸ்ரேல் நேரம். வித்தியாசம் மூன்றரை மணி. ஊர்ப் பெயரை எழுதச் சொல்லுங்கள்: "சென்னை நேரம்", "எருசலேம் நேரம்".

அது சரியென்றால் கோடைக்கால நேர மாற்றம். இஸ்ரேலில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கிறார்கள். 2026-இல் அது மார்ச் 27, பஸ்காவுக்கு ஆறு நாள் முன்னால். அன்றிலிருந்து நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி இரண்டரை மணியாகக் குறையும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறே மாறிவிடுவதால் நடுவில் இரண்டு மூன்று வாரம் எல்லாம் குழம்பிக் கிடக்கும்.

## அறிகுறி: தலைப்பிள்ளைகளின் நோன்பு சனிக்கிழமையில் விழுகிறது

பஸ்காவின் முதல் நாள் ஞாயிறாக வரும் வருடத்தில் முன்மாலை சனியன்று வரும். அன்று ஓய்வுநாள் என்பதால், முன்மாலையன்று தலைப்பிள்ளைகள் இருக்கும் இந்த நோன்பை வியாழனுக்கு நகர்த்துவார்கள், பஸ்காவில் விலக்கப்பட்ட புளித்த மாவுப் பண்டங்களை எரிப்பது வெள்ளிக்குப் போகும். 2025-இல் ஏப்ரல் 10 வியாழன் அன்று நோன்பு. கோடு சனி என்று காட்டினால் இந்த விதிவிலக்கை எழுதவில்லை. 2021, 2025-க்குப் பிறகு இது 2045-இல்தான் மீண்டும் வரும். ஆகவே நான் கையால் ஒரு குறிப்பு எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

## அறிகுறி: இரண்டு யூதர்கள் இரண்டு தேதி சொல்கிறார்கள்

இருவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். யூதரில் ஒரு பிரிவான கராயியர்களில் பலர் கணக்கை ஏற்காமல், பிறையைக் கண்ணால் பார்த்தும் இஸ்ரேலின் பார்லி கதிர் முற்றியதைப் பார்த்தும் மாதத்தை முடிவுசெய்கிறார்கள். சமாரியர்கள் நாப்லூஸ் அருகே கெரிசீம் மலையில் தங்கள் சொந்த நாட்காட்டிப்படி ஆடு பலியிட்டுப் பஸ்கா கொண்டாடுகிறார்கள். சமாரியர்கள் தங்களை யூதர் என்று சொல்லிக்கொள்வதுமில்லை, இஸ்ரவேலர் என்றே சொல்வார்கள். குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் சொல்லும் தேதியை அவருக்கு விடுமுறையாகப் போடுங்கள். திருத்தப் போகாதீர்கள்.

## நாமாகப் பார்க்கக்கூடாத இடம்

தேதியும் கிழமையும் நாம் எண்ணிச் சொல்லலாம். மணி சொல்லக்கூடாது. முன்மாலையன்று காலை எத்தனை மணிக்குள் புளித்த மாவுப் பண்டத்தைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும், எப்போது எரிக்க வேண்டும், எப்போது விளக்கேற்ற வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். பகல் பொழுதைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு, நான்காம் பங்கு முடிவில் ஒன்று, ஐந்தாம் பங்கு முடிவில் ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். பகலை எங்கிருந்து எண்ணுவது என்பதில் மரபுக்கு மரபு வித்தியாசமும் உண்டு. யாராவது அப்படிக் கேட்டால், காலண்டரில் ஒரு நேரம் தெரிந்தாலும் நான் சொல்வதில்லை. "உங்கள் ஊர் ஜெப ஆலயத்து ரபியிடம் கேளுங்கள், அவர்கள் அச்சிட்டுக் கொடுக்கும் தாளில் இருக்கும்" என்று சொல்லிவிடுவேன்.